கோடையில் வற்றிக் கிடக்கும் ஏரி செத்துப்போன ஏரியா?

செங்கல்பட்டுப் பக்கம் ஏரிக்கரை ஊர் ஒன்றில் நிலம் வாங்கிக் குடியேறலாம் என்று நினைக்கிறீர்கள். தை மாதம் போய்ப் பார்த்தபோது கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். மே கடைசியில் போனால் அதே இடத்தில் மாடு மேய்கிறது, டிராக்டரில் மண் ஏற்றுகிறார்கள். "அங்கே வருஷம் முழுக்க வாழ்க்கை எப்படி இருக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது அது மட்டும் இல்லை என்று படுகிறது. இந்த ஏரி ஓய்வில் இருக்கிறதா, சாகிறதா, அதை வெளியூர் ஆள் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி. பாசன ஏரிகளின் கரை, மதகு, வாய்க்கால் பராமரிப்பு என் தொழில். அந்தப் பக்கத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

முதலில் பயத்தைத் தீர்த்துவிடலாம். தமிழ்நாட்டுச் சமவெளி ஏரி சித்திரை, வைகாசியில் வற்றுவது நோய் கிடையாது. மாநிலத்தில் சிறிதும் பெரிதுமாகச் சுமார் 40,000 ஏரி, குளம், கண்மாய்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை வருஷம் முழுக்கத் தண்ணீர் வைத்திருக்க வெட்டப்பட்டவையே அல்ல. மூன்று மாத மழையைப் பிடித்து, அடுத்த நான்கைந்து மாதம் பயிருக்குக் கொடுத்துவிட்டுக் காலியாக வேண்டும் என்பதுதான் கணக்கு. மாநிலத்தின் ஆண்டு மழை சராசரியாக 900 மி.மீ. சொச்சம். அதில் ஏறக்குறைய பாதி, அதாவது 440 மி.மீ. அளவு, அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் போன்ற வடகடலோரப் பகுதிகளில் அந்தப் பங்கு பாதிக்கும் மேல். அதனால் ஒரே ஒரு நாள் பார்த்துவிட்டு ஏரியைப் பற்றி முடிவுக்கு வர முடியாது. தையில் எல்லா ஏரியும் அழகு, வைகாசியில் எல்லா ஏரியும் பரிதாபம்.

தண்ணீர் ஏன் இவ்வளவு சீக்கிரம் காணாமல் போகிறது என்பதற்கு ஏரியின் வடிவமே காரணம். ஒரு பக்கம் மட்டும் கரை. மற்ற மூன்று பக்கமும் மெதுவாக மேடேறும் நிலம். கரையடியில், மதகுக்கு எதிரே, இரண்டரை மீட்டர் ஆழம் இருந்தால் எதிர்ப்பக்க ஓரத்தில் கணுக்கால் அளவுதான். இப்படிப்பட்ட ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதற்குக் கைக்கணக்கு ஒன்று உண்டு. பரப்பை அதிகபட்ச ஆழத்தால் பெருக்கி, வருவதில் 40 விழுக்காடு எடுத்துக்கொள்ளுங்கள். 40 ஹெக்டேர் பரப்பு, இரண்டரை மீட்டர் ஆழம் என்றால் 4 லட்சம் கன மீட்டர், அதாவது 40 கோடி லிட்டர். இப்போது மட்டம் பாதியாக இறங்கியது என்று வையுங்கள். மீதம் 20 கோடி என்றுதான் மனசு சொல்லும். உண்மையில் 7 கோடி லிட்டரை ஒட்டித்தான் நிற்கும், ஏனென்றால் விளிம்பில் விரிந்து கிடந்த தண்ணீரெல்லாம் மேல் பாதியில் இருந்தது. நீர் பரவிய இடமும் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும். ஊர்க்காரர்கள் "பாதி ஏரி இருக்கு" என்று சொல்லும்போது உயரத்தைச் சொல்கிறார்களா, தண்ணீரைச் சொல்கிறார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது. சம்பாவுக்குப் பின் ஏரித் தண்ணீரை நம்பி நடும் நவரை நெல் பட்டத்தில் நட்டுவிட்டுக் கதிர் வரும் நேரத்தில் தண்ணீர் இல்லாமல் கையைப் பிசைபவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில் ஏமாந்தவர்கள்தான்.

வெயிலும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். தை மாதத்தில் நாளொன்றுக்கு மூன்று, நான்கு மி.மீ. ஆவியாகும். சித்திரையில் அது ஆறு முதல் எட்டு வரை போகும். ஒரு ஹெக்டேரில் ஒரு செ.மீ. இறங்கினால் ஒரு லட்சம் லிட்டர் போனதாகக் கணக்கு. தையிலிருந்து வைகாசி வரை மதகைத் திறக்கவே இல்லை என்றாலும் வெயில் மட்டும் முக்கால் மீட்டர் குடித்துவிடும். தரைக்குள் இறங்குவது தனி. ஏரிக்கு அடியில் களி இருந்தால் குறைவாகவும் மணல் இருந்தால் நிறையவும் இறங்கும். அப்படி இறங்குவதை நஷ்டக் கணக்கில் எழுத வேண்டாம். கரைக்குக் கீழே உள்ள ஆயக்கட்டில், அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலத்தில், இருக்கும் கிணறுகள் அந்தத் தண்ணீரில்தான் ஊறுகின்றன.

ஊரின் வருஷம் உண்மையில் ஆடியில் தொடங்குகிறது. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது மானாவாரிக்காரருக்கு. ஏரிப்பாசனக்காரருக்கு ஆடி, ஆவணி என்பது வரத்துக்காலை, அதாவது ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாயை, வெட்டிச் சீராக்கும் மாதங்கள். தென்மேற்குப் பருவத்தில் வடமாவட்டங்களில் மாலையும் இரவும் இடியோடு மழை பெய்யும். அதில் ஏரி நிரம்பாது. மேட்டு நிலமும் வெடித்துக் கிடக்கும் ஏரி வயிறும் முதலில் வரும் தண்ணீரைக் குடித்துத் தீர்க்கும். அப்படிக் குடித்து நனைந்திருந்தால்தான் ஐப்பசி மழை ஓடிவந்து தேங்கும். ஆவணி, புரட்டாசி காய்ந்துபோன வருஷங்களில் ஐப்பசியின் முதல் நல்ல மழைகள் ஏரிக்கு வராமலே போவதை வெளியூர்க்காரர் புரிந்துகொள்ளச் சிரமப்படுவார்கள். "நேற்று அவ்வளவு கொட்டியதே, ஏரி அப்படியே இருக்கிறதே" என்பார்கள். இந்தக் காலத்தில் வரத்துக்காலை ஒருமுறை முழுவதும் நடந்து பார்ப்பது அவசியம். நெய்வேலிக் காட்டாமணக்கும் சீமைக் கருவேலமும் அடைத்திருக்கும். யாராவது தன் வயலுக்கு வழிபோட மண்ணைக் கொட்டி, அடியில் ஒற்றைக் குழாய் பதித்திருப்பார். இரண்டடிக் குழாய் ஒன்று பத்தடிக் கால்வாய் கொண்டுவரும் வெள்ளத்தைக் கடத்தாது. மேலேயே தேங்கி, வேறு பக்கம் உடைத்துக்கொண்டு போய்விடும்.

ஐப்பசி, கார்த்திகையில் ஏரிக்கு இரண்டு வழியாகத் தண்ணீர் வரும். ஒன்று, சொந்த நீர்ப்பிடிப்பில் பெய்யும் மழை. இன்னொன்று, மேலே உள்ள ஏரி நிரம்பி வழிந்து வருவது. ஏரிகள் பெரும்பாலும் தனியாக இல்லை. மேல் ஏரியின் உபரி கீழ் ஏரிக்கு வரத்து என்று சங்கிலியாக வெட்டியிருக்கிறார்கள். உபரி வழிவதைக் காஞ்சிபுரம் பக்கம் கலங்கல் போகிறது என்பார்கள், வேலூர், திருவண்ணாமலை பக்கம் கோடி போகிறது என்பார்கள், தெற்கே மறுகால் பாய்கிறது என்பார்கள். அன்றைக்கு ஊரே அங்கே நிற்கும். பூசை போட்டுக் கிடா வெட்டும் ஊர்களும் உண்டு. ஆனால் கரைப் பொறுப்பில் இருப்பவருக்கு அன்றுதான் தூக்கம் போகும்.

கரை ஏன் உடைகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கரைக்குக் கீழே வீடு கட்டுபவர் தெரிந்திருக்க வேண்டியது இதுதான். மண்கரை மூன்று விதமாகப் போகும். கலங்கல், அதாவது உபரி நீர் வழிந்தோடக் கட்டிய இடம், போதாமல் தண்ணீர் கரைமேல் ஏறி வழிந்தால், வழியும் இடத்தில் மண் அரித்துச் சில மணி நேரத்தில் வாய் பிளக்கும். இரண்டாவது, நண்டு வளை, எலி வளை, பட்டுப்போன மரத்தின் வேர் போன இடம் வழியாகத் தண்ணீர் உள்ளேயே ஊர்ந்து வந்து கரையைக் குடைவது. மூன்றாவது, மதகுக் கட்டுமானமும் மண்ணும் சேரும் இடத்தில் இடைவெளி விழுவது. மழைக்காலத்தில் கரையின் வெளிப்புறச் சரிவின் அடியை நடந்து பாருங்கள். ஈரமோ கசிவோ இருந்தால் உடனே அலற வேண்டாம். ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பாருங்கள். தெளிந்த நீராக, அளவு கூடாமல் வந்தால் கவனித்துக்கொண்டிருந்தால் போதும். கலங்கிய நீராக வந்தால், குவளையின் அடியில் மண் படிந்தால், கரையின் உடம்பே வெளியே வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது பெரும்பாலோர் செய்யும் தவறு, தண்ணீர் வெளிவரும் வாயில் களிமண்ணைத் திணித்து அடைப்பது. அடைத்தால் அழுத்தம் உள்ளே ஏறிப் பக்கத்தில் இன்னொரு வாய் திறக்கும். செய்ய வேண்டியது வேறு. வெளிவரும் இடத்தைச் சுற்றி மணல் மூட்டையை வட்டமாக அடுக்கி, உள்ளே மணலும் அதன்மேல் ஜல்லியும் போட்டால் தண்ணீர் வரும், மண் வராது. உட்பக்கம் நீர் நுழையும் வாய் தெரிந்தால் அங்கேதான் களியும் கோணியும் போட்டு அடைக்க வேண்டும். இதெல்லாம் ஆள் வரும் வரைக்குமான முதலுதவிதான். மண் கலந்த கசிவு கண்டதும் நீர்வளத் துறைக்கோ ஒன்றியத்துக்கோ வட்டாட்சியருக்கோ சொல்லிவிட வேண்டும். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறையுடையது. அதற்குக் கீழே உள்ளது ஊராட்சி ஒன்றியத்துடையது.

கலங்கல்மேல் மணல் மூட்டை அடுக்கும் பழக்கம் ஒன்று பல ஊர்களில் உண்டு. இன்னும் ஓரடி தண்ணீர் பிடிக்கலாம் என்ற ஆசை. மார்கழி பாதிக்குமேல், மழை ஓய்ந்தபின் செய்தால் புரிந்துகொள்ளலாம். கார்த்திகையில் செய்வது விபரீதம். சின்ன ஏரிகளில் முழு மட்டத்துக்கும் கரை உச்சிக்கும் இடையே மூன்றடி இருப்பதே அதிகம். அதில் ஓரடியைத் தின்றுவிட்டால் ஒரே இரவு மழை தாங்காது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 94 செ.மீ.க்கு மேல் பெய்தது. அந்த வெள்ளத்தில் தாமிரபரணிப் பக்கக் குளங்கள் பல உடைந்தன. அந்த அளவு மழைக்கு எந்தப் பழைய கலங்கலும் கட்டப்படவில்லை என்பது உண்மை. மூட்டை அடுக்கிய ஏரிக்கு அதில் பாதி மழைகூட வேண்டாம் என்பதும் உண்மை.

மார்கழி, தையில் ஏரி அமைதியாகிவிடும். சம்பா அறுப்பு, பொங்கல், கரைமேல் வைக்கோல். நீங்கள் போய்ப் பார்த்தது இந்த நேரத்தைத்தான். "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்பதை ஏரிக்கரையில் குடியிருப்பவர் எலும்பில் உணர்வார். காலை எட்டு மணி வரை எதிர்க்கரை தெரியாத நாட்கள் உண்டு. தண்ணீர் பங்கீடுதான் இப்போது ஊரின் அரசியல். மடை திறப்பவரை வடக்கே நீர்க்கட்டி என்றும் தெற்கே நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்றும் சொல்வார்கள். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்பதை அவர் தலையில் வைத்திருப்பார். அறுவடையின்போது நெல்லாகக் கூலி வாங்குவது பழைய முறை. அவர் இன்னும் இருக்கிறாரா, ஊர் அவருக்குக் கூலி அளக்கிறதா என்று விசாரியுங்கள். ஏரியின் உடல்நிலையைச் சொல்லும் விஷயங்களில் இதற்கு நான் முதலிடம் கொடுப்பேன். உத்திரமேரூரில் 919, 921ஆம் ஆண்டுகளின் பராந்தகச் சோழன் கல்வெட்டுகள் ஏரியைக் கவனிக்கும் குழுவான ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்கின்றன. ஏரியை வெட்டுவது ஒருமுறை வேலை, ஆளை வைத்துப் பார்ப்பது வருஷா வருஷம் வேலை என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

மதகைக் கிட்டே போய்ப் பாருங்கள். திருகிலும் தண்டிலும் துரு ஏறி, இரும்புக் கதவு முழுதாக உட்காராமல், கீழே ஒரு பிளவு வழியாகத் தண்ணீர் சீறிக்கொண்டிருக்கும். பிளவு பத்துச் சதுர செ.மீ.தான், இரண்டு விரல் சேர்த்து நுழைக்கும் அளவுதான் என்று வையுங்கள். மேலே இரண்டு மீட்டர் தண்ணீர் நின்றால் அதன் வழியே நாளொன்றுக்குச் சுமார் 3 லட்சம் லிட்டர் போகும். ஒரு ஏக்கர் நெல்லுக்கு நடவு முதல் அறுப்பு வரை ஏறக்குறைய 48 லட்சம் லிட்டர் வேண்டும். பதினாறு நாள் கசிவு என்றால் ஒரு ஏக்கர் நவரை போனது. வைக்கோலும் கோணியும் களியும் வைத்து அடைத்திருப்பார்கள். அது இரண்டு வாரம் தாங்கும். கதவின் அடியில் ரப்பர் பட்டை மாற்றித் திருகுக்குக் கிரீஸ் போட வேண்டியது ஏரி காய்ந்திருக்கும் வைகாசியில். அப்போது யாருக்கும் நினைவு வராது.

பறவைகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். உங்கள் பகுதியில் வேடந்தாங்கல் இருக்கிறது. அங்கே நவம்பர் முதல் மார்ச் வரை கூட்டம் கூட்டமாக வரும். நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம் எல்லாம் நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டும். மரத்தடியில் தண்ணீர் நிற்பதுதான் அவற்றுக்குக் காவல். நரியும் பூனையும் ஏற முடியாது. எச்சம் கரைந்த நீர் வயலுக்கு உரம் என்பதால் ஊரும் அவற்றைப் பாதுகாக்கிறது. சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எல்லா ஏரியிலும் இப்படிக் கூடு கட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நீருக்குள் நிற்கும் மரம், தொந்தரவில்லாத ஊர், சுற்றுவட்டாரத்தில் இன்னும் பல ஏரிகளில் இரை, மூன்றும் சேர்ந்தால்தான் கூடு. மற்ற ஏரிகளுக்கு அவை மேய மட்டும் வரும். அதற்கு ஏற்ற நேரம் மாசி, பங்குனியில் தண்ணீர் முழங்காலளவு இறங்கும்போது. நிரம்பிய ஏரியில் முக்குளிப்பானும் வாத்தும்தான் இருக்கும். நீர் சுருங்கினால்தான் நீண்ட கால் பறவைகள் இறங்கும்.

மீனும் அதே ஒழுங்கில்தான். ஏரி நிரம்பியதும் குத்தகைதாரர் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு விடுவார். மீன்பாசி குத்தகை என்று ஏலம் எடுப்பது. ஆறேழு மாதத்தில் அவை அரைக் கிலோவைத் தாண்டும், நீர் இறங்கும்போது வலை. தெற்கே கண்மாய் வற்றும் நேரத்தில் மீன்பிடித் திருவிழா என்று சுற்றுவட்டார ஊரெல்லாம் ஊத்தா, கச்சா என்று மீன்பிடிக் கருவிகளை எடுத்துக்கொண்டு இறங்கிவிடும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் விஷம் கலந்துவிட்டார்கள் என்று ஊரே கொதிக்கும். பெரும்பாலும் அது ஆக்சிஜன் குறைவு. பச்சைப் பாசி பகலில் ஆக்சிஜன் தரும், இரவில் அதுவே இழுத்துக்கொள்ளும். ஆழம் குறைந்த, சூடேறிய தண்ணீரில் மூட்டமான நாளுக்கு அடுத்த விடியல்தான் மோசமானது. சூரியன் ஏறி இரண்டு மணி நேரத்தில் தெளிந்தால் காரணம் அதுதான். பகல் முழுக்கச் செத்து மிதந்தாலோ, விராலும் தேளியும் சேர்ந்து செத்தாலோ, விஷத்தைச் சந்தேகிக்க வேண்டும். அவை இரண்டும் மேலே வந்து காற்றை நேராகச் சுவாசிக்கக்கூடியவை, ஆக்சிஜன் குறைவில் எளிதில் சாகாது.

இனி நீங்கள் பயந்த மே மாதம். ஏரி காய்வதால் நடக்கும் நல்லது கண்ணுக்குத் தெரியாது. களி வெடிக்கிறது, ஒரு சாண் ஆழத்துக்குக் காற்று இறங்குகிறது, வருஷம் முழுக்கச் சேர்ந்த இலையும் பாசியும் எச்சமும் மட்கிப் போகின்றன. ஆகாயத்தாமரை காய்ந்து சாகிறது. ஏரி நத்தை ஓட்டின் மூடியை இறுக்கிக்கொண்டு சேற்றுக்குள் தூங்கும். அடுத்த தண்ணீரில் அது விழித்து எழும்போதுதான் நத்தைகுத்தி நாரைக்குச் சாப்பாடு. மட்கிய சத்து முதல் தண்ணீரில் கரைந்து நுண்ணுயிர்கள் பெருகும்போதுதான் மீன்குஞ்சு கொழுக்கும். மாடு மேய்வதும் கணக்கில் உள்ளதுதான், புல் மட்கும் முன் சாணமாகிவிடுகிறது. மடைக்கு எதிரே கடைசியாகக் காயும் பள்ளத்தில் மட்டும் கால் வைக்காதீர்கள். மேலே பொருக்குத் தட்டியிருக்கும், கீழே தொடையளவு சேறு. வருஷத்துக்கு ஒரு மாடாவது அதில் மாட்டும்.

டிராக்டர்காரர்கள் அள்ளுவது வண்டலாக இருந்தால் சந்தோஷப்படுங்கள். அரசாங்க விதிப்படி விவசாயிக்கு நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டர் வண்டல் இலவசம். டிராக்டர் கணக்கில் சுமார் 25, 30 நடை. வட்டாட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும். ஆனிக்குள் பரப்பி, கோடை உழவோடு கலந்துவிட வேண்டும். செம்மண்ணுக்கும் மணல் நிலத்துக்கும் இது வரப்பிரசாதம். ஏற்கெனவே இறுகிய களி நிலத்தில் கொட்டினால் வடிகால் போய்ப் பயிர் வேரழுகும். உவர் ஏறிய ஏரி மண் என்றால் நிலத்தையே கெடுக்கும், ஆகவே ஒரு கைப்பிடியை மண் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு அள்ளுவது உத்தமம். அதே பெயரில் நடக்கும் இன்னொன்றைக் கவனியுங்கள். வண்டல் என்பது மேலே படிந்த மெல்லிய அடுக்கு, பரவலாகச் சுரண்டி எடுப்பது. ஜே.சி.பி. ஒரே இடத்தில் பத்தடி ஆழம் தோண்டி, மண் லாரியில் ஏறி நெடுஞ்சாலைக்குப் போனால் அது வண்டல் இல்லை, மண் வியாபாரம். அந்தக் குழியில் நிற்கும் தண்ணீர் மடை மட்டத்துக்குக் கீழே இருப்பதால் வயலுக்கு ஏறாது. அடியில் உள்ள களிப்படுகை கிழிந்து மணல் தெரிந்துவிட்டால் ஏரி ஓட்டைப் பானைதான். கரையடியை ஒட்டித் தோண்டினால் கரையே உட்காரும். கரையிலிருந்து நன்றாகத் தள்ளித்தான் கை வைக்க வேண்டும்.

எது ஓய்வு, எது சாவு என்பதற்கு நான் பார்க்கும் அடையாளங்கள் இவை. பக்கத்து ஏரியெல்லாம் கலங்கல் போன வருஷத்தில் இது மட்டும் நிரம்பவில்லை என்றால் வரத்துக்கால் வெட்டுப்பட்டிருக்கிறது. மனைப்பிரிவோ சாலையோ குறுக்கே வந்திருக்கும். கார்த்திகையில் நிரம்பி, நெல்லுக்கு அவ்வளவாகத் திறக்காமலே மாசியில் தரை தெரிந்தால் மதகிலோ தரையிலோ ஓட்டை. வயிறு முழுக்கச் சீமைக் கருவேலம் ஆளுயரத்துக்குமேல் வளர்ந்திருந்தால் பல வருஷமாக அந்த ஏரி முழுசாக நிரம்பவில்லை. சமூகக் காடுகள் திட்டத்தில் நட்ட நாட்டுக் கருவேலத்தை இதனோடு குழப்ப வேண்டாம். அது மாதக்கணக்கில் தண்ணீரில் நிற்கும், பறவைக்கும் இடம் கொடுக்கும். இன்னொன்று, கேட்பவருக்கு வேடிக்கையாக இருக்கும். நகரத்தை ஒட்டிய ஏரி கோடையிலும் வற்றாமல் பச்சைப்பசேல் என்று இருந்தால் நான் அதைத்தான் அதிகம் சந்தேகிப்பேன். மழையில்லாத மாதத்தில் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் சாக்கடை. ஆகாயத்தாமரை செழித்திருப்பதே சாட்சி. வற்றாத ஏரியைத் தேடி வாங்குபவர்கள் கழிவுநீர்க் குட்டைக்குப் பக்கத்தில் போய் உட்கார்வது நடக்கிறது. செம்பரம்பாக்கம் போலக் கால்வாய் வழியே வெளி நீர் வரும் பெரிய ஏரிகளும், கொள்ளிடத்திலிருந்து வடவாறு வழியே நீர் பெறும் வீராணமும் விதிவிலக்கு. அவற்றின் வருஷம் வேறு மாதிரி ஓடும்.

இதில் உறுதியானது எது, மாறக்கூடியது எது என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். ஏரியின் வடிவக் கணக்கு, கசிவுக் கணக்கு, கரை உடையும் விதம் எல்லாம் எந்த ஊரிலும் மாறாது. ஆவியாவது வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம்தான் மாறும். மாறுவது மழை. 2015 நவம்பர், டிசம்பரில் ஏரிகளைக் காப்பாற்றக் கரையில் படுத்துக்கிடந்தவர்கள் 2016இல் கலங்கல் பக்கமே போகவில்லை. அந்த வருஷம் வடகிழக்குப் பருவம் வழக்கத்தில் பாதிகூடத் தரவில்லை. இந்த வருஷம் நிரம்புமா என்று புரட்டாசியில் யார் அடித்துச் சொன்னாலும் நம்ப வேண்டாம். எறும்பு முட்டை தூக்குவதையும் தும்பி தாழப் பறப்பதையும் வைத்து நாளை மழை என்பார்கள், சிலசமயம் பலிக்கவும் செய்யும். அதை வைத்துப் பருவத்தைச் சொல்ல முடியாது. பத்து வருஷத்தில் எத்தனை முறை கலங்கல் போனது என்று ஊரில் மூன்று பேரைத் தனித்தனியாகக் கேளுங்கள். ஐந்து, ஆறு என்றால் நல்ல ஏரி. ஒன்று, இரண்டு என்றால் நவரையை மறந்துவிடலாம். உங்கள் ஏரியின் அடியில் களியா மணலா என்பதை நேரில் தோண்டிப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது, நானும்தான்.

நிலம் வாங்கும் விஷயத்தில் இடம்தான் எல்லாம். ஏரிக்கு உள்பக்கம், எதிர் ஓரத்தில், "ஏரி வியூ" என்று விற்பார்கள். கார்த்திகையில் முழுக் கொள்ளளவு மட்டத்துக்குத் தண்ணீர் வந்தால் உங்கள் வாசலில் நிற்கும். கிராம வரைபடத்தையும், எந்த நிலம் எந்த வகை என்று சொல்லும் அ-பதிவேட்டையும், புல வரைபடத்தையும் வாங்கி, எல்லைக் கல்லைச் சர்வேயரோடு நின்று பாருங்கள். நீர்நிலைப் புறம்போக்காக இருந்தால் பத்திரம் எத்தனை கைமாறி வந்திருந்தாலும் பயனில்லை. 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தின்படி காலி செய்யச் சொல்லலாம். கலங்கலிலிருந்து இறங்கும் உபரி ஓடை எங்கே போகிறது என்று நடந்து பாருங்கள். கோடையில் வெறும் புதராகத் தெரியும் அந்த ஓடையில்தான் சிலர் வீட்டைக் கட்டிவிடுகிறார்கள். கரைக்கு நேர் கீழே உள்ள பள்ள வயல் பயிருக்கு அருமை, வீட்டுக்கு ஆகாது. கரையின் இரண்டு முனைகளிலும் நிலம் இயல்பாக மேடேறும் இடம், கலங்கல் இல்லாத பக்கமாகப் பார்த்தால், குடியிருக்கத் தோதானது. பழைய ஊர் நத்தம், அதாவது குடியிருப்பு நிலம், பெரும்பாலும் அப்படிப்பட்ட மேட்டில்தான் இருக்கும்.

கிணற்றைப் பார்க்கப் போகும் நாள் முக்கியம். மார்கழியில் ஆயக்கட்டுக் கிணற்றில் குனிந்து வாளியில் மொள்ளலாம், அதைக் காட்டித்தான் விலை சொல்வார்கள். வைகாசி கடைசியில் போய், மோட்டாரைப் போடச் சொல்லி உட்காருங்கள். தொடர்ந்து இரண்டு மணி நேரம் இறைத்து, மறுநாள் காலைக்குள் பழைய மட்டத்துக்கு ஊறினால் ஒரு குடும்பத்துக்கும் அரை ஏக்கர் காய்கறிக்கும் தாராளம். அரை மணியில் தண்ணீர் தீர்ந்து மோட்டார் காற்றை இழுத்தால் பக்கத்தில் எத்தனை ஆழ்குழாய் இறங்கியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.